உங்களுக்கு விட்ட முன் வளவு

இஞ்ச பாருங்க,

உங்களைப் பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மடலை எப்படித் தொடங்குவது என்று பேனையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். வேறொன்றும் பொருந்தவில்லை. வாயில் எப்போதும் வந்ததையே எழுதிவிட்டேன்.

இன்று காலை கிணற்றடிக்குப் போகலாம் என்று செருப்பைப் போட்டால் குத்துகிறது. கழற்றித் திருப்பிப் பார்த்தேன். றப்பர் அடி முழுக்க நெருஞ்சி முள். படியில் இருந்துகொண்டு ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டே உங்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, ஆளின் முள் மட்டும் என் காலை விடுவதாக இல்லை. மகள் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆரோடம்மா கதைக்கிறீங்க?"

"உங்கப்பாவோடதான் புள்ள."

"கதைங்க, கதைங்க. அப்பிடியே அந்த அலுமாரித் திறப்ப எங்க வச்சவரெண்டும் கேளுங்க."

அலுமாரி இன்னும் பூட்டியபடிதான் கிடக்கிறது, திறப்பு கிடைக்கவில்லை. அது போகட்டும். நெருஞ்சியை இந்த வளவுக்குள் கொண்டுவந்தவர் நீங்கள்தான். மஞ்சள் பூ வடிவாக இருக்கிறதாம். கல்லடியில் மற்ற ஆட்கள் வீட்டு முன்னால் ரோசா வளர்த்தார்கள், செவ்வரத்தை வளர்த்தார்கள், குறோட்டன் வைத்தார்கள். மற்றவர்கள் பிடுங்கி எறிகிறதைப் பொறுக்கிக்கொண்டு வந்து வளர்த்த ஒரே மனிதர் நீங்கள். அந்தப் பைத்தியத்தின் தொடக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினெட்டு வருஷம் கிளாக்கராக இருந்த மனிதர், எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு ஒரு சூட்கேசும் கையுமாக வந்து இறங்கினீர்கள். அதுவரை நீங்கள் மாதத்துக்கு ஒருமுறை லீவில் வருகிற மாப்பிள்ளை. வந்தால் கோழி அடிப்போம், மூன்றாம் நாள் பஸ் ஏற்றிவிடுவோம். திரும்பிப் போக இடமில்லாமல் நீங்கள் வந்தது எனக்கும் புதிது, உங்களுக்கும் புதிது.

எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்குத்தான். இந்த வளவு அம்மாவுக்கு அவருடைய தாய் கொடுத்தது. என் கலியாணத்தோடு அம்மா அதை எனக்கு எழுதிவிட்டு, குசினியை ஒட்டிய அறைக்கு மாறினார். ஆண் கலியாணம் முடித்து அங்கே வருகிறவர். உழைத்துப் போடலாம், ஓடு மாற்றலாம், கிணறு இறைக்கலாம். எந்த மரத்தை வெட்டுவது, எங்கே எதை நடுவது என்பதில் மட்டும் வாய் திறக்கமாட்டார். ஆரும் தடுத்து வைத்ததில்லை, வழக்கம் அப்படி. குருக்கள்மடத்தில் உங்கள் அக்காவின் வீட்டிலும் இதே கதைதான், ஆகவே நீங்கள் குறை சொல்லவும் இல்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தீர்கள். காலையில் கேற்றைப் பார்த்தபடி, பின்னேரமும் கேற்றைப் பார்த்தபடி.

அந்த நேரத்தில்தான் ஜெர்மனியில் இருந்து உங்கள் தம்பியின் கடிதம் வந்தது. உங்கள் வயது ஆட்களும் வருகிறார்கள், நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன், வாருங்கள் என்று எழுதியிருந்தார். நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"என்ன புள்ள சொல்ற?"

"உங்கட விருப்பம்."

அந்த இரண்டு சொல்லுக்காக என்னை நானே எத்தனை தரம் திட்டியிருக்கிறேன். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதிகாரம் பண்ணத் தெரியும், கெஞ்சத் தெரியாது. அதோடு, ஆமியின் சுற்றிவளைப்பு என்றால் ஆண்களைத்தான் லொறியில் ஏற்றினார்கள். நில்லுங்கள் என்று சொல்வது, இங்கே கிடந்து சாகுங்கள் என்று சொல்கிற மாதிரி இருந்தது. தம்பி ஒழுங்குகளைச் செய்யட்டும், அதுவரை பார்ப்போம் என்று நீங்களே சொன்னீர்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

ஒருநாள் பின்னேரம் அம்மாவிடம் தோட்டத்துத் துரையின் பங்களாப் புல்லைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். "செருப்பில்லாம நடந்தா மெத்த மாதிரி இருக்கும் மாமி" என்று நீங்கள் சொன்ன விதத்தில், பதினெட்டு வருஷ வேலையில் உங்களுக்கு மிஞ்சியது அந்த ஒன்றுதான் என்று தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவரோ, வளவில் ஒரு புல் தலை நீட்டினால் நித்திரை வராத மனுஷி. எங்கள் வளவு வெள்ளை மணல். விடியவும் பின்னேரமும் அம்மா கூட்டிவிட்டால், விளக்குமாற்றுக் கோடு வரிவரியாகக் கிடக்கும். அந்தக் கோடு கலையாமல் இருந்தால்தான் வீட்டில் பெண் இருக்கிறாள் என்று ஊர் மதிக்கும். அப்படிப்பட்ட அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"அப்ப முன் வளவ நீங்க எடுங்க மருமகன். நான் விளக்குமாத்தோட அங்கால வரமாட்டன்."

எனக்குக் கேட்ட காது அடைத்துவிட்டது. வளவு என் பெயரில் இருந்தும், ஒரு செடி நட எனக்கே அம்மாவிடம் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால், முன் வளவுக்குக் குறுக்கே தும்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இங்கால் அம்மாவின் மணல், அங்கால் உங்களின் ராச்சியம். அம்மா கயிறு வரைக்கும் கூட்டி, அங்கே ஒரு அடி பிசகாமல் நிறுத்தியிருந்தார்.

தோட்டத்துக் கூட்டாளி ஒருவர் பஸ்ஸில் ஒரு சாக்கு நிறையப் புல் அனுப்பியதும், அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் வந்ததும் நீங்கள் எத்தனை தரம் சொல்லிக் காட்டிய கதை! பாலத்துச் சென்றிப் பொயின்றில் இருந்த ஆமிக்காரப் பொடியன் சாக்கை அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவியிருக்கிறான்.

"இது என்ன?"

"புல்லு சேர்."

"மாடு இருக்கா?"

"இல்ல சேர்."

"ஆடு?"

"அதுவும் இல்ல."

"அப்ப யார் சாப்பிட?"

"ஆரும் சாப்பிட இல்ல சேர். பாக்கிறதுக்கு."

அவன் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அந்தப் பாலத்தில் ஆரும் சிரித்ததாக நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தரம்தான். அதற்குப் பிறகு உங்களைக் கண்டால் "புல்லு ஐயா" என்று கை காட்டி அனுப்புவான். ஒரு சாக்குப் புல்லால் கிடைத்த மரியாதையை நினைத்து நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தீர்கள்.

மலைநாட்டுப் புல்லுக்கு எங்கள் மணல் எங்கே பிடிக்கப் போகிறது! நட்ட மாதத்தில் ஒரு பச்சை காட்டியது. பிறகு கச்சான் காற்று எழும்பி அனலாக வீசத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீரும் உவராகியது. நீங்கள் வாளி வாளியாக ஊற்ற ஊற்றப் புல் இடையிடையே கருகி, திட்டுத் திட்டாக மணல் தெரிந்தது. அம்மா கயிற்றுக்கு இங்கால் நின்றபடி, "மருமகன்ட புல்லு சொறி புடிச்ச நாய்ர முதுகு மாதிரிக் கிடக்கு" என்றார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கதிரையை மறுபடியும் கேற்றுப் பக்கம் திருப்பிப் போட்டதைக் கண்டபோது என் சிரிப்பும் நின்றுவிட்டது.

மாரி வந்துதான் காப்பாற்றியது. மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் வெயில் எறிக்க, நீங்கள் முன் வளவில் இருந்து கத்தினீர்கள்.

"புள்ள, இஞ்ச ஓடி வா! இத ஆரு நட்ட?"

வெறும் மணலாய்க் கிடந்த திட்டில், சட்டைப் பொத்தானிலும் சின்னதாக ஒரு நீலப் பூ. விஷ்ணுகிராந்தி. பக்கத்துத் திட்டில் தும்பை. அதற்கங்கால் மூக்குத்திப்பூ. "ஆரும் நடல்ல. அது களை" என்றேன். "களையெண்டு ஆரு சொன்ன?" என்று என்னையே கேட்டீர்கள். ஆரு சொன்ன என்று எனக்கும் தெரியவில்லை. நீங்கள் ஈர மணலில் முழங்கால் போட்டு அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மத்தியானத்தோடு அது சுருங்கிவிட்டது. அடுத்த நாள் விடிய, தேத்தண்ணி குடிக்க முன்னமே போய் நின்றீர்கள்.

பிறகு பிடித்தது பைத்தியம். சைக்கிளில் போகிற இடமெல்லாம் இறங்கி நின்று விதை பொறுக்கினீர்கள். வாவிக்கரையில் ஒன்று, மதகடியில் ஒன்று, பள்ளிக்கூட மதிலோரத்தில் ஒன்று. வெற்று நெருப்புப் பெட்டிகளில் போட்டு, கிளாக்கர் எழுத்தில் பெயர் எழுதி, என் சேலை அலுமாரிக்குள் அடுக்கினீர்கள். நல்ல மனதோடு நான் ஒருநாள் சாணி உரம் கொண்டுவந்து கொட்ட, கொட்டின இடத்தில் புல் மதாளித்து எழும்பிப் பூவை மூடிவிட்டது. "இதுகளுக்குச் சாப்பாடு குடுத்தாப் பிழை புள்ள. பட்டினி கிடந்தாத்தான் பூக்கும்" என்று அந்த எருவை ஒரு பகல் முழுக்க வழித்து எடுத்தீர்கள். புல்லை ஒட்ட வழித்து, மணலைக் கீறிவிட்டு, மழைக்கு முதல் நாள் விதைத்தீர்கள். நீங்கள் விதைக்கிற அழகைப் பார்த்து வயற்காரி மகளான அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"கோழிக்குத் தீன் போடுற மாதிரிப் போடாதீங்க மருமகன். கொஞ்ச மணலக் கலந்து, கைய வீசி எறியுங்க."

கயிற்றுக்கு இங்கால் நின்றபடியே வெறுங்கையை வீசிக் காட்டினார். நீங்கள் அங்கால் நின்று வீசினீர்கள். இரண்டு பேரும் சோடியாகக் கையை வீசிக்கொண்டு நின்றதை ரோட்டால் போனவர்கள் பார்த்திருந்தால் வைத்தியம் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அடுத்த மாரிக்கு முன் வளவு பூவாகவே கிடந்தது. வெள்ளைத் தும்பை, ஊதாத் தொட்டாற்சுருங்கி, கயிற்றோரம் ரோஸ் நிறத்தில் பட்டிப்பூ, நடுவில் மெலிந்த உங்கள் மலைநாட்டுப் புல்.

அந்த மாரியில்தான் ஊரடங்கு ஒரு கிழமைக்கு மேல் நீண்டது. சந்தை இல்லை, பூக்காரி இல்லை. அம்மாவின் பிள்ளையார் படம் பூ இல்லாமல் இருந்தது. மூன்றாம் நாள் காலை அம்மா குளித்து முழுகி, பூத்தட்டோடு கயிற்றடியில் வந்து நின்றார்.

"மருமகன், புள்ளையாருக்கு ரெண்டு தும்பை ஆயலாமா?"

தன்னுடைய தாய் தந்த வளவில், தான் பிறந்து வளர்ந்த மண்ணில், அந்த மனுஷி உங்களிடம் உத்தரவு கேட்டார். நீங்கள் கதிரையை விட்டு எழும்பி நின்றீர்கள். "ஆயுங்க மாமி, ஆயுங்க" என்றீர்கள். கயிற்றை நீங்களே உயர்த்திப் பிடிக்க, அம்மா குனிந்து உள்ளே போனார். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்து, இனி இவர் போகமாட்டார் என்று நான் நம்பிவிட்டேன்.

என் நம்பிக்கை ஆனி மாதம் வரைக்கும்தான். எல்லாம் சரி, கொழும்புக்கு வாருங்கள் என்று தம்பி ஒழுங்கு செய்த ஏஜென்சியில் இருந்து கடிதம் வந்தது. அதற்கு முந்தின கிழமைதான் உங்களைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோய் இருட்டுகிற நேரம் விட்டிருந்தார்கள். போகத்தான் வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. கடதாசி வேலைகளுக்கு ரயில் ஏறிப் போனீர்கள். பத்து நாளில் வந்து, இரண்டு நாள் நின்று, பிறகு ஒரேயடியாகப் பயணம்.

இங்கே கச்சான் வீசி முன் வளவு முழுக்கக் காய்ந்து மண்ணிறமாகக் கிடந்தது. பயணம் போகிற ஆளின் வாசல் கூட்டித் துப்பரவாக இருக்க வேண்டும், குப்பையைத் தாண்டிப் போனால் போகிற காரியம் சரிவராது என்பது அம்மாவின் கணக்கு. நீங்கள் வருகிற நாளுக்கு முதல் நாள் காலை கயிற்றை அவிழ்த்தார். காய்ந்ததையெல்லாம் பிடுங்கி, கூட்டி அள்ளி, பின் வளவில் போட்டு எரித்தாயிற்று. முன் வளவு பழையபடி வெள்ளை மணலாக, வரிவரியாகக் கோடு விழுந்து கிடந்தது.

நீங்கள் கேற்றைத் திறந்துகொண்டு வந்து, கையில் பையோடு அப்படியே நின்றீர்கள்.

"பாருங்க மருமகன், எப்பிடித் துப்பரவு!" அம்மாவுக்கு வாய் நிறையச் சிரிப்பு.

"இதுக்குள்ள கிடந்ததெல்லாம் எங்க மாமி?"

"எரிச்சாச்சி."

"விதையோடயா?"

"என்ன விதை? அது காஞ்ச குப்பயல்லோ?" என்று கேட்டு முடிக்க முதல் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. வயிற்றில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். நீங்கள் பின் வளவுக்குப் போய்ச் சாம்பலைக் காலால் கிளறிப் பார்த்தீர்கள். நான் கிணற்றடியில் நின்றேன். ஏசப் போகிறீர்கள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். நீங்கள் திரும்பி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தீர்கள்.

"அழாதீங்க மாமி. இத திருப்பி எடுக்க ஒரு மாரி காணாது. ரெண்டு மாரி வேணும்."

"ரெண்டு மாரிக்கு நீங்க எங்க இஞ்ச?" என்று அம்மா விம்மினார்.

பின்னேரம் தம்பிக்குக் கடிதம் எழுதினீர்கள், இப்போதைக்கு வரவில்லை, வீட்டில் ஒரு வேலை கிடக்கிறது என்று. எழுதி ஒட்டிவிட்டு என் கையைப் பார்த்தீர்கள். "இதென்ன கொப்புளம்?" என்றீர்கள். "விளக்குமாறு புடிச்ச" என்றேன். தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து இரண்டு உள்ளங்கையிலும் பூசிவிட்டீர்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு மாரி என்றது நாலாகி, பத்தாகி, கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டீர்கள். நெருப்புப் பெட்டிகளில் இருந்ததும் மணலுக்குள் பழையபடி ஒளிந்து கிடந்ததுமாக எல்லாம் திரும்ப முளைத்தன. "மாமி கூட்டின கூட்டில என்ர ஜெர்மனி போச்சு" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். கண் மூடும் வரைக்கும் அந்தப் பழியைச் சந்தோஷமாகவே சுமந்தார். வீடு இப்போது மகளுடையது. மோட்டார் சைக்கிள் விட முன் வளவில் இன்டர்லொக் கல் பதிக்கலாமா என்று மருமகன் பதவிசாகக் கேட்டார். பாதியை எடுங்க தம்பி, மற்றப் பாதி மாமாட என்று சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை, சொன்ன இடத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போது அம்மாவும் இல்லை, நீங்களும் இல்லை. ஆகவே எழுதலாம்.

கொழும்புக்குப் போகிற அன்று, ரயிலுக்கு நேரமாகிறது என்று நான் அவசரப்படுத்த, நீங்கள் முன் வளவில் நின்று என்னிடம் ஒன்று சொன்னீர்கள். "காஞ்சி போச்செண்டு புடுங்க விட்டிராத புள்ள. எல்லாத்துக்குள்ளயும் விதை கிடக்கு. நான் வந்து தட்டி எடுத்துத் தம்பிக்கும் கொஞ்சம் கொண்டுபோறன்." நான் ஓம் என்றேன். ஒன்பதாம் நாள் காலை கயிற்றை அவிழ்க்க முதல் அம்மா என்னிடம் கேட்டார். "இதுக்குள்ள ஏதும் வைக்கச் சொன்னவரா புள்ள?"

"இல்லம்மா. கூட்டுவம்" என்றேன்.

அம்மா ஒரு கரை கூட்டினார். மிச்சம் முழுக்க நான். பூவையும் கொண்டு, விதையையும் கொண்டு, என்னை மட்டும் விட்டுவிட்டுப் போகப் போகிறீர்கள் என்ற கோபத்தில் கூட்டினேன். தோல் உரிந்த பிறகும் நிறுத்தவில்லை. அதனால் நீங்கள் நிற்பீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நீங்கள் நின்றபோது, வாய் திறந்து உண்மையைச் சொன்னால் போய்விடுவீர்களோ என்று பயந்தேன். தொண்ணூறாம் ஆண்டு உங்களைக் கொண்டுபோய் இரண்டு நாள் விடாமல் வைத்திருந்தார்களே, அந்த இரண்டு நாளும் ஆமி முகாம் வாசலில் நின்ற பெண்களோடு நின்று, இவரை நான்தான் என் விளக்குமாற்றால் கொன்றேன் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நீங்கள் நொண்டிக்கொண்டு வந்து, "பூவெல்லாம் எப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சோறு போட்டுத் தந்தேன், சொல்லவில்லை.

நான் மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றேதான் கூட்டினேன் என்பது, கொப்புளத்துக்கு எண்ணெய் பூசியபோதே உங்களுக்கு விளங்கிவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த ஒன்றைத்தான் நான் இவ்வளவு காலமும் ஆரிடமும் இறக்கி வைக்காமல் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் இன்று பேனையை எடுத்தேன். இவ்வளவு எழுதிய பிறகும் அதற்கு மனம் வரவில்லை. அந்தக் காலை திரும்பி வந்து, அம்மா அதே கேள்வியைக் கேட்டால், நான் அதே பொய்யைத்தான் சொல்வேன்.